இருபது தசம் ஒன்பது

அசனார் காக்காவின் பவுசர் லொறி மாங்கேணியைத் தாண்டி, களப்புப் பக்கம் திரும்பும் கிறவல் பாதையில் இறங்கியபோது காலை பத்து மணியாகியிருந்தது. பஸ்ஸால் இறங்கிப் பிரதான வீதியில் நின்ற என்னை அவர்தான் கண்டு ஏற்றிக்கொண்டார். வைகாசி மாதம். அடுப்பு வாயைத் திறந்துவிட்டது போலக் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. பாதையின் நடுவே எருக்கலை முளைத்து இடுப்பளவுக்கு நின்றது. ஒரு வருடமாக அந்த வழியில் பாரவாகனம் எதுவும் போகவில்லை.

“இந்தக் கச்சானுக்குள்ள உலகத்திலயே குளிரான இடத்துக்கு வேலைக்குப் போற ஆள் நீதான் தங்கச்சி,” என்றார் அவர்.

காத்தான்குடியில் அவருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பழுதாகிக் கிடக்கிறதாம். பவுசரில் கொண்டு திரியும் திரவ நைதரசனில் ஒரு கோப்பை கொண்டுவந்து இறைச்சிக்கு ஊற்றினால் என்ன என்று மனைவி றமீஸா கேட்டாளாம். இறைச்சி கல்லாகிவிடும், மறுகா அதைச் சம்மட்டியால்தான் வெட்ட வேண்டும் என்று இவர் சொன்னாராம். சம்மட்டியும் வாங்கி வரச் சொன்னாளாம். நான் சிரித்தேன். சிரிக்கும்போதும் என் கை மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. பைக்குள் ஒட்சிசன்மானி இருந்தது.

எங்கள் நிலையம் கண்டல் மரங்களுக்கு நடுவே, களப்பின் கரையில் இருக்கிறது. வைக்கோல், மாட்டுச் சாணம், இறால் பண்ணைக் கழிவு எல்லாவற்றையும் மூடிய தொட்டிகளில் புளிக்கவைத்து, எழும் வாயுவைச் சுத்தமாக்கி, அதிலுள்ள மெதேனை பூச்சியத்துக்குக் கீழே நூற்று அறுபத்திரண்டு பாகைக்குக் குளிர்வித்துத் திரவமாக்குவோம். அறுநூறு குடம் வாயு ஒரு குடம் திரவத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் திரவத்தை இறங்குதுறைத் தாங்கிக்குக் கொண்டுபோவது முந்நூறு மீற்றர் நீளமான குழாய். உண்மையில் அது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். இரண்டுக்கும் நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம். தேத்தண்ணிப் பிளாஸ்க்கைப் போல, உள்ளே எவ்வளவு குளிர் ஓடினாலும் வெளியே கை வைத்தால் வெயிலின் சூடுதான் தெரியும். பாதித் தூரத்தில், மீனவர்கள் தோணி இழுக்கும் பாதைக்காகக் குழாய் நிலத்துக்குள் இறங்கி ஏறுகிறது. அந்த இடத்தில் ஒரு கொங்கிறீட் கிடங்கு. ஆளுயரத்தைவிடச் சற்று ஆழம். இறங்க ஓர் இரும்பு ஏணி. உள்ளே இரண்டு வால்வுகளும் குழாயின் மூட்டு ஒன்றும்.

நல்லரத்தினம் அண்ணன் செத்தது அந்தக் கிடங்குக்குள்தான்.

போன வருடமும் இதே மாதம். புதிய குழாய்க்குள் முதன்முதலாகக் குளிரை அனுப்பிய நாள். திரவ மெதேனை விடுவதற்கு முன் நைதரசனை விட்டுக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்விக்க வேண்டும். குளிரில் உலோகம் சுருங்கும், மூட்டில் உள்ள புரியாணிகள் தளரும். ஓர் ஆள் கிடங்குக்குள் இறங்கி அவற்றைத் திரும்பவும் இறுக்க வேண்டும். அவர் இறங்கும் ஒவ்வொரு தடவையும், இறங்குவதற்கு முன், கிடங்குக்குள் ஒட்சிசன் எவ்வளவு என்று அளந்து அனுமதிப் படிவத்தில் எழுத வேண்டும். அளப்பது என் வேலை. இறங்குவது அவர் வேலை.

நல்ல காற்றில் நூற்றுக்கு இருபது தசம் ஒன்பது பங்கு ஒட்சிசன். அன்று காலை எட்டு மணிக்கு அளந்தேன். இருபது தசம் ஒன்பது. பத்து மணிக்கும் அதேதான். பன்னிரண்டரைக்கு நான் கொட்டிலுக்குள் மின்விசிறியின் கீழ் இருந்தேன். கிடங்கு நூற்றைம்பது மீற்றர் தூரத்தில் வெயிலில் கிடந்தது. புழுதி பறந்தது.

நான் இருந்த இடத்திலிருந்தே பேனையை எடுத்து, இருபது தசம் ஒன்பது என்று எழுதினேன்.

நல்லரத்தினம் அண்ணன் கொட்டில் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். என்னைவிட இரண்டு மடங்கு வயது. இருந்தும் என்னிடம் கேட்காமல் ஒருநாளும் அந்த ஏணியில் கால் வைத்ததில்லை.

“அளந்தாச்சா மிஸ்?”

“ஓம் அண்ணன். இறங்குங்க.”

அவர் திரும்பி நடந்தபோது ஒரு தடவை கால் தடுமாறியது. நான் பார்த்தேன்.

நைதரசனுக்கு நிறம் கிடையாது. மணம் கிடையாது. குளிர்ந்த நைதரசன் காற்றைவிடப் பாரமானது. வால்வு ஒன்றின் கசிவால் அது கிடங்கைத் தண்ணீரைப் போல நிரப்பியிருந்தது. நிலையத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லாததால் நாங்கள் ஸ்பனரால் குழாயில் தட்டிப் பேசிக்கொள்வோம். இரண்டு தட்டு என்றால் தயார். மூன்று தட்டு என்றால் வேலை முடிந்தது. அன்று அவர் இறங்கிச் சற்று நேரத்தில் ஒரு தட்டுக் கேட்டது. ஒன்றே ஒன்று. அதற்கு எங்களிடம் அர்த்தம் இல்லை. குளிரில் குழாய் சுருங்கும் சத்தம் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. எழுந்து போக வேண்டியதில்லை.

படிவத்தில் இருபது தசம் ஒன்பது இருந்ததால் காற்றில் குற்றம் இல்லை என்று முடிவானது. நைதரசன் உடம்பில் தடயம் எதையும் விடாது. விசாரிக்க வந்தவர் என்னிடம் கேட்டார், இறங்கும் முன் அவரிடம் ஏதும் வித்தியாசம் தெரிந்ததா என்று. நடக்கும்போது தடுமாறினார் என்றேன். அது உண்மை. அப்படியென்றால் குடிவெறியில் இருந்தாரா என்று கேட்டார்.

“இருக்கலாம்,” என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். அதைச் சொல்லும்போது அது எவ்வளவு இலேசாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் என் முகம் சுடுகிறது.

நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள், மட்டக்களப்பு நகரத்தில் வளர்ந்தவள். ஆனாலும் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கடைசி நாளில் குளிர்த்தி பாடி அம்மனின் வெப்பத்தைத் தணிப்பார்கள் என்பது இந்தப் பகுதியில் யாருக்குத்தான் தெரியாது? எனக்குத் தெரியாதது வேறு. நிலையத்தை ஒட்டிய அந்த ஊரில் குளிர்த்திக்குத் தண்ணீர்ப்பானை தூக்கும் உரிமை நல்லரத்தினம் அண்ணனின் தாய்வழிக் குடிக்கு உரியது. அந்த வருடம் தூக்க இருந்தவர் அவர். அதற்கான விரதத்தில் பல நாளாக ஒருநேரச் சோறுதான். கையில் கட்டிய மஞ்சள் காப்பு, கையுறைக்குள் மறைந்திருந்தது. தடுமாறியது பசியில்.

காப்புக் கட்டியவன் வெறியில் போனான், அம்மன் சும்மா விடவில்லை என்று ஊர் பேசியது. பானையை வேறொரு குடிக்குக் கொடுத்துவிட்டார்கள். இரத்தத்தில் மது இல்லை என்ற அறிக்கை கொழும்பிலிருந்து வர ஏழு மாதமானது. வந்தபோது அதை யாரும் கேட்கவில்லை. போன கிழமை, வருடம் திரும்பிய ஆட்டைத் திவசத்துக்கு அவருடைய மனைவி அன்னப்பூரணி அக்கா முப்பது பேருக்குச் சமைத்தாராம். இலைக்கு முன் இருந்தவர்கள் இரண்டே பேராம்.

நிலையத்தைத் திரும்பத் திறக்கிறோம், குழாயைக் குளிர்விக்கும் முறை தெரிந்தவள் நீதான் என்று மேலாளர் கொழும்பிலிருந்து அழைத்தபோது மறுக்க நினைத்தேன். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே வந்தேன்.

வாயிலைத் திறந்தவன் யதுர்ஷன். நல்லரத்தினம் அண்ணனின் தங்கை மகன், முப்பது வயது. மாமனின் இடத்துக்கு அவனை எடுத்திருந்தார்கள். ஆளும் மாமனைப் போலவே, கொஞ்சம் முன்னால் வளைந்த நடை. பவுசரின் படியில் தொங்கிக்கொண்டு, ஆறு மணிக்கே வருவதாகச் சொன்ன மனிதருக்கு ஓட்டமாவடியில் எத்தனை தேத்தண்ணி என்று அசனார் காக்காவைச் சீண்டினான். நாளைக்குக் குளிர்த்தி, பின்னேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்றான். பானை உங்கள் குடிக்குத்தானே என்று காக்கா தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

அவன் முகம் மாறியது.

“மாமா இருந்தா மாமா. இல்லாட்டி நான்தான் தூக்கணும். இப்ப ஆக்கள் தூக்கிறதப் பாத்துக்கொண்டு வேலிக்கு அங்கால நிக்கிறம். அந்த மனிசன்ட பேர இஞ்ச எடுக்காதீங்க காக்கா.”

நான் கண்டல் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அதைக் கண்டேன்.

கிடங்குக்குள் இறங்கும் இடத்தில், வெள்ளிநிறக் குழாயின் மேல் ஒரு வெள்ளைத் திட்டு. முதலில் கொக்கு எச்சம் என்று நினைத்தேன். கிட்டப் போனால் அது பனி. மெல்லிய ஊசிகளாக, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூத்திருந்தது. வெயில் நெற்றியை எரித்தது, காலடி மணல் சப்பாத்தைத் தாண்டிச் சுட்டது, அந்தத் திட்டு மட்டும் உருகாமல் இருந்தது. வெற்றிடம் கெட்டுப்போன குழாயில் இப்படி ஓரிடம் பனிக்கும். அதற்கு உள்ளே குளிர் ஓட வேண்டும்.

அசனார் காக்கா பின்னால் வந்து நின்றார். றமீஸாவுக்கு இதைச் சுரண்டிக் கொண்டுபோகலாம் என்று பகிடி சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“தங்கச்சி,” என்றார் தாழ்ந்த குரலில். “நான் இன்னும் ஹோசே கொழுவல்ல.”

குழாய் ஒரு வருடமாக வெறுமையாக இருந்தது.

விரல் நுனியால் தொட்டேன். தோல் ஒட்டிக்கொண்டது. இழுத்தெடுத்தபோது நுனியில் வெள்ளையாக ஓர் அடையாளம், நெருப்புச் சுட்டது போல எரிந்தது. அதற்குள் யதுர்ஷன் ஹோசை இழுத்து வரச் சொல்லிக் கூப்பிட்டான். திங்கட்கிழமை திறப்பு விழா, விருந்தினர் வருகிறார்கள், இன்றைக்கே குழாய் குளிர வேண்டும் என்று மேலாளர் வாயிலிலிருந்த தொலைபேசியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நாங்கள் வேலையைத் தொடங்கினோம். யாரும் அந்தத் திட்டைப் பற்றித் திரும்பப் பேசவில்லை.

பதினொரு மணிக்கு நைதரசன் குழாய்க்குள் போனது. மெல்ல, மிக மெல்ல. குழாய் நீளத்துக்கு முனகியது. ஒவ்வொரு மூட்டாகச் சுருங்கிக்கொண்டு வரும் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். நித்திரையில் ஆள் புரண்டு படுப்பது போல இருக்கும். அன்று ஒவ்வொரு சத்தத்துக்கும் என் தோள் இறுகியது. இது சுருங்குவது, இதுவும் சுருங்குவது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு யதுர்ஷன் ஸ்பனருடன் கிடங்கை நோக்கி நடந்தான். நான் படிவத்தையும் மானியையும் எடுத்துக்கொண்டு கொட்டிலை விட்டு வெளியே வந்தேன். இந்தத் தடவை அளப்பேன். நூறு தடவை அளப்பேன்.

நடந்தேன். மானியின் திரையில் இருபது தசம் ஒன்பது.

கச்சான் நின்றுவிட்டது.

கண்டல் இலைகள் அசையவில்லை. களப்பில் அலை இல்லை. சேற்று மணமும் மீன் மணமும் எப்போதும் நிற்கும் அந்த இடத்தில் எந்த மணமும் இல்லை. என் காலடியில் மணல் நெரிபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது.

கிடங்கின் விளிம்பில் குனிந்து, மானியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். மேலே இருபது தசம் ஒன்பது. நடுவில் இருபது தசம் ஒன்பது. தரையில் இருபது தசம் ஒன்பது.

“என்ன மிஸ், நல்லமா?” என்று கேட்டான் யதுர்ஷன். அவன் எனக்கு ஒரு கை தூரத்தில், ஏணிக்கு மேலே, கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.

நல்லம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

நிலம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

மூச்சுத் திணறவில்லை. அதைத்தான் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. நெஞ்சு தாராளமாக ஏறி இறங்கியது. ஆனால் உள்ளே போன காற்றில் எதுவும் இல்லை. பார்வையின் ஓரங்கள் மெல்லக் கறுத்தன. அதோடு ஒரு சுகம். வெயிலில் நீண்ட நேரம் நடந்து வந்து நிழலில் சாய்வது போல. எல்லாம் சரி, கவலைப்பட ஒன்றும் இல்லை என்று யாரோ என் மண்டைக்குள் அன்பாகச் சொல்வது போல. என் நகங்களைப் பார்த்தேன். அவை நாவற்பழ நிறத்தில் இருந்தன. மானியைப் பார்த்தேன்.

இருபது தசம் ஒன்பது.

பக்கத்தில் யதுர்ஷன் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நின்றான். அவனுக்கு ஒன்றும் இல்லை. திறந்த வெளியில், ஒரே காற்றில், எனக்கு மட்டும் மூச்சு இல்லை.

இப்படித்தான் இருந்திருக்கிறது அவருக்கு. பயப்படக்கூட நேரம் கிடைக்காமல்.

கிடங்குக்குள்ளிருந்து தட்டுக் கேட்டது.

ஒன்று.

யதுர்ஷன் ஏணியின் முதல் படியில் கால் வைத்தான். மானி சரி சொல்கிறது, மிஸ் பேசாமல் நிற்கிறார், அவன் வேறென்ன நினைப்பான்? நான் அவனுடைய சட்டையைப் பிடித்தேன். பிடித்தேனா, அவன் மேல் விழுந்தேனா தெரியாது.

“இறங்காத,” என்றேன். “இது பொய். இந்த இலக்கம் பொய்.”

பிறகு அசனார் காக்காவின் கைகள் என்னைப் பின்னுக்கு இழுத்தன. அந்தப் பனித் திட்டைப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லாமல், தன் பவுசரில் வைத்திருக்கும் மானியையும் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்திருக்கிறார். அவர் அதைக் கயிற்றில் கட்டிக் கிடங்குக்குள் இறக்கினார். பாதி ஆழம் போகும் முன்னே அது கத்தத் தொடங்கியது. மேலே இழுத்துத் திரையை எங்களுக்குக் காட்டினார்.

“நாலு,” என்றார். “நாலு தசம் ஒண்டு.”

இரண்டு மூச்சு. அவ்வளவுக்குத்தான் அதில் ஆள் நிற்கலாம்.

வால்வு ஒன்றின் கசிவடைப்பு ஒரு வருட வெயிலில் காய்ந்து வெடித்திருந்ததைப் பிறகு கண்டோம். அப்போது நாங்கள் மூவரும் பவுசரின் நிழலில் இருந்தோம். காற்றுத் திரும்ப வீசியது. எனக்கு மூச்சு வந்திருந்தது. காக்கா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். யதுர்ஷன் கையுறையைக் கழற்றி, போட்டு, திரும்பக் கழற்றினான்.

“மாமாக்கும் இதுதானா மிஸ்?”

நான் விரல் நுனியிலிருந்த வெள்ளை அடையாளத்தைத் தேய்த்தேன்.

“அவர் வெறியில இருக்கல்ல. அப்படித்தானே? இதே மாதிரி மானி நல்லம் எண்டு காட்டியிருக்கு, மனிசன் நம்பி இறங்கியிருக்கு.”

அளக்கவில்லை என்ற சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரு வருடமாக அங்கேதான் இருந்தது. துப்பினால் போதும். ஆனால் என் மடியில் அந்த மானி கிடந்தது, இன்னும் இருபது தசம் ஒன்பது என்று காட்டியபடி. அவன் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டு நின்றான். எவ்வளவு அகலமான கதவு.

“ஓம்,” என்றேன். “உங்கட மாமா குடிக்கல்ல. அண்டைக்கும் இதே மானிதான்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய்.

கிடங்குப் பக்கமிருந்து ஒரு தட்டுக் கேட்டது. மூவரும் திரும்பிப் பார்த்தோம். நைதரசனை நிறுத்தி அரை மணி நேரமாகியிருந்தது.

“குழாய் சுருங்குது போல,” என்றார் அசனார் காக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

“ஓம் காக்கா,” என்றேன்.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் நிலையத்துக்குப் போய், மானியைச் சோதனை வாயு உருளையில் மாட்டிப் பார்த்தேன். உருளையில் உள்ளது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஒட்சிசன். மானி பன்னிரண்டு என்றது. கழற்றினேன், இருபது தசம் ஒன்பதுக்கு ஏறியது. திரும்ப மாட்டினேன். பன்னிரண்டு. ஆறு தடவை பார்த்தேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அதைத் தெரிந்துகொண்டுதான் பின்னேரம் கோயிலுக்குப் போனேன்.

யதுர்ஷன் வீடு வீடாகச் சொல்லியிருந்தான். கோயில் முன்றலில், பந்தலுக்குக் கீழே, நூறு பேருக்கு மேல் நின்றார்கள். வேப்பிலை மணமும் சாம்பிராணிப் புகையும் பரவியிருந்தன. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் என்னை நடுவே வரச் சொன்னார். நரைத்த மீசை, கண்டிப்பான முகம். போன வருடம் பானையை மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். அறிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் பிள்ளை, இது அம்மன் வாசல் என்றார்.

நான் சொன்னேன். அவர் குடித்திருக்கவில்லை என்று சொன்னேன். காப்புக் கட்டிய பசியில்தான் தடுமாறினார் என்று சொன்னேன். நான் அன்று தெரியாமல் ஒரு சொல் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். நேற்று அதே கிடங்கில் மானி பிழையாகக் காட்டியதை யதுர்ஷன் கண்டான் என்று சொன்னேன். அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் வெட்கப்படுத்துகிறது, ஏனென்றால் அந்த அழுகைதான் மற்றதையெல்லாம் அவர்களை நம்பவைத்தது.

ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேதக்காரப் பிள்ளை, தானாக வந்து சொல்கிறாளே என்று யாரோ சொன்னது கேட்டது. வண்ணக்கர், பிழை நடந்துவிட்டது என்றும் பானை அந்தக் குடிக்கே என்றும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். போன வருடம் தூக்கிய குடியின் மூத்தவர் பானையைத் தன் கையாலேயே கொண்டுவந்து யதுர்ஷனின் தலையில் வைத்தார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, மாமனைப் போல முன்னால் வளைந்து, மூலஸ்தானத்தை நோக்கி நடந்தான். தண்ணீர் அவன் தோளில் சிந்தியது.

அன்னப்பூரணி அக்கா கூட்டத்தின் ஓரத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த, தழும்பேறிய கை. என் பக்கத்திலேயே நின்றார்.

“சுத்தமாத்தான் போனவர் எண்டு எனக்குத் தெரியும் புள்ள. ஒரு வருசமா என்ட வாயால சொல்லி ஆர் கேட்ட? நீ சொன்னாய். உனக்கு நான் என்ன கைமாறு செய்யப்போறன்.”

நான் கையை இழுத்துக்கொள்ள நினைத்தேன். முடியவில்லை.

உள்ளே குளிர்த்தி பாடினார்கள். அம்மனின் மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கச்சான் அடங்கி, ஓர் இலைகூட அசையவில்லை. நாங்கள் நின்ற பக்கத்தில், முன்றலின் ஓரமாக, மணலில் அகல் விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்திருந்தார்கள்.

பூசையை முடித்துக்கொண்டு கட்டாடியார் கர்ப்பூரத் தட்டுடன் வெளியே வந்தார். ஒவ்வொருவராகக் கையால் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தட்டு என் முன்னால் வந்தது. மரியாதைக்காக நானும் கையை நீட்டினேன்.

சுடர் குறுகியது. நீலமானது. அணைந்தது.

காற்று இல்லை. புகைகூட எழவில்லை. கட்டாடியார் பக்கத்து விளக்கில் கர்ப்பூரத்தைப் பற்றவைத்தார். அது கொழுந்துவிட்டு எரிந்தது. என் முன்னால் கொண்டுவந்தார்.

அணைந்தது.

மூன்றாவது தடவை அவர் பற்றவைத்து என்னைத் தாண்டிப் போனார். அடுத்து நின்ற பெண்ணின் முன்னால் சுடர் நிமிர்ந்து எரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்னப்பூரணி அக்கா என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

“இன்னும் சொல்ல என்னவும் இரிக்கா புள்ள?”

பந்தலுக்குள் எல்லோரும் யதுர்ஷனைச் சூழ்ந்து நின்றார்கள். அவன் நனைந்த தலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஆட்கள் சாப்பிட வரப்போகிறார்கள்.

“இல்லக்கா,” என்றேன். “எல்லாம் சொல்லிட்டன்.”

மணலில் எனக்கு மிக அருகில் இருந்த விளக்கு அணைந்தது. அதற்கு அடுத்தது. அதற்கு அடுத்தது. மூன்றோடு நின்றது. அதற்கு அப்பால் இருந்தவை ஆடாமல் எரிந்தன. எனக்கும் அக்காவுக்கும் நடுவே, ஓர் ஆள் நின்றால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு இடம் இருண்டு கிடந்தது.

அன்னப்பூரணி அக்கா என் கையை விட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த இருட்டைப் பார்த்தார். பயந்ததாகத் தெரியவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, கோயிலுக்குள் பிந்தி வந்த மனிதருக்கு இடம் விடுவது போல, ஓர் அடி தள்ளி நின்றார்.